கரியாளுக்கு ஒரு கை மணல்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. காற்று ஏதாவது சொல்லும், கடல் ஏதாவது சொல்லும், கல் பதில் சொல்லும். இன்றைக்குக் கல் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறதென்றால் அதற்கு மனிதர்கள்தான் காரணம். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேற்கே இருக்கிற மலைக்கு நிறையப் பெண் பிள்ளைகள். எல்லோரையும் கடற்கரைக்கே அனுப்பினான். சேறாகப் பிறந்தவர்கள் ஆற்றோடு போய் முகத்துவாரத்தில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டார்கள். அவர்கள் மடியில் அலையாத்தி மரங்கள் வளர்ந்தன. நண்டும் இறாலும் குடியேறின. அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களைப் பற்றிச் சொல்லக் கதையும் இல்லை. கல்லாகப் பிறந்த இரண்டு பேர் மட்டும் தெற்கே வெகுதூரம் வந்து நின்றார்கள். மூத்தவள் கரியாள், இளையவள் சேந்தி.

கரியாள் கறுப்பு. இறுகிய உடம்பு. அவள்மேல் அலை அடித்தால் அலைக்குத்தான் வலிக்கும். சேந்தி செம்மண் நிறம், கை வைத்தால் உதிர்கிற உடம்பு. அதனால் அக்கா கடலுக்குள் முன்னால் போய் நின்றுகொண்டு, தங்கையைத் தனக்கும் கரைக்கும் நடுவில் நிறுத்தியிருந்தாள். சேந்தி ஒரு கையால் நிலத்தைப் பிடித்திருந்தாள், மறு கையால் அக்காவைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குள் நீண்ட ஒரு முனையாக நின்றார்கள். பொழுது சாய்ந்தால் ஒருத்திக்கொருத்தி பேசிக்கொண்டிருப்பார்கள். கரியாளுக்கு இந்த உலகத்தில் பேச வேறு ஆள் கிடையாது.

முனைக்கு வடக்கே ஒரு மீனவர் ஊர் இருந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஊருக்கு அந்த முனைதான் மறைப்பு. ஆனால் மீன் கிடந்தது முனைக்குத் தெற்கே. மீன் என்றைக்கு மனிதர்களின் வசதியைப் பார்த்திருக்கிறது? தெற்கே போக வேண்டுமென்றால் கரியாளைச் சுற்றித்தான் போக வேண்டும். கச்சானில் அங்கே தண்ணீர் சுழித்துக்கொண்டு கிடக்கும். வருஷம் தவறாமல் வள்ளம் உடைந்தது. உடைந்த பலகை கரியாளின் காலடியில் வந்து ஒதுங்கும், ஆள் ஒதுங்குவதில்லை.

அந்த ஊரில் ஆவுடை என்று ஒருத்தி. அவளுடைய அப்பாவும் அண்ணனும் போனது அந்தச் சுழியில்தான். இப்போது புருஷன் கொம்பையன் அதே வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு கச்சானில் அவள் சேந்தியிடம் போய் உட்கார்ந்து அழுதாள். சேந்திக்கு யார் அழுதாலும் தாங்காது. என்ன வேண்டும் என்று கேட்டாள். உன் உடம்பில் ஒரு வள்ளம் நுழைகிற அளவுக்கு வழி விடு, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டால் முனையைச் சுற்றவே வேண்டாம் என்றாள் ஆவுடை.

கரியாளுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏட்டி, ஒனக்கு இளகுன ஒடம்பு. வள்ளத்துக்கு விட்ட வழியில கடலும் வரும்லா?"

"அவிய சாவுதத நீயும்தான பாத்துக்கிட்டு நிக்க. என்னால பாக்க முடியலக்கா" என்றாள் சேந்தி.

கரியாள் தன் காலடியில் கிடந்த பலகைகளைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கும் மறுக்க மனம் வரவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். காலையில் வழியைத் திறந்துகொள்ளலாம். சாயங்காலம் காற்று ஏறுவதற்குள் தெற்கு வாயில் பனந்தடிகளை இறக்கி, கல் அடுக்கி, இடுக்கில் களிமண் அப்பி அடைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக உள்ளே வருகிற வள்ளம் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஊர் ஒத்துக்கொண்டது. சேந்தியைக் குடைந்தார்கள். அவளுக்கு வலித்தது, அக்கா கேட்டதற்கு வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் சாவு குறைந்தது. வள்ளங்கள் பாட்டும் பேச்சுமாகச் சேந்திக்குள் போய் வந்தன. எவன் வீட்டில் சண்டை, எவளுக்குப் பிள்ளை பிறந்தது என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு சாயங்காலம் அக்காவிடம் ஒன்று விடாமல் சொல்வாள். கரியாள் சலித்துக்கொள்வது போலக் கேட்பாள். உண்மையில் அவள் பகல் முழுக்க அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

நல்ல கச்சான் காலத்தில் ஒரு நாள், தெற்கே சாளை மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. தண்ணீரே நிறம் மாறிக் கிடந்தது. ஒவ்வொரு வள்ளமும் நிறைந்து, சேந்திக்குள் இருந்த வழியாகத் திரும்பியது. கொம்பையன் மட்டும் இன்னொரு வலை, இன்னொரு வலை என்று நின்றுவிட்டான். அவன் கிளம்பியபோது வள்ளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பாரத்தோடு அந்தக் குறுகிய வாயில் நுழைந்தால் மோதி உடையும். காற்றும் ஏறத் தொடங்கிவிட்டது. அவன் வழியை விட்டுவிட்டுக் கரியாளின் மறைவில் போய் ஒதுங்கி, அவள் இடுக்கில் கயிற்றைக் கட்டிவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்தான். நமக்கு முன்னால் போனவர்கள் வழியை அடைத்திருப்பார்கள் என்று நினைத்தான்.

அவர்கள் அடைக்கவில்லை. பனந்தடியை இறக்கப் போனவர்களின் முன்னால் ஆவுடை வந்து நின்றாள்.

"அவிய இன்னும் வெளியிலதான் இருக்காவ. அடைச்சிட்டா எப்பிடி வருவாவ?"

ஆள் வெளியே இருக்கும்போது வழியை அடைக்கிற மனசு அந்த ஊரில் ஒருவருக்கும் கிடையாது. எல்லோருமே கடலில் ஆளைக் கொடுத்தவர்கள். அலை உள்ளே வர ஆரம்பித்ததும் சிலர் சேந்தியிடம் கேட்டார்கள். கிடக்கட்டும், அந்தப் பிள்ளை வரட்டும், கொஞ்ச நேரம் தாங்குவேன் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

கரியாளுக்கு எல்லாம் தெரிந்தது. தங்கையின் கை அதிர்வது அவள் உடம்பில் தெரிந்தது. கொம்பையன் என்னிடம் பத்திரமாக இருக்கிறான், வழியை அடையுங்கள் என்று அவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கத்தியதில்லை. ஆனால் கச்சான் அந்தக் குரலை அப்படியே தூக்கிக் கடல் பக்கமே கொண்டு போனது. கரைக்கு ஒரு சொல்கூடப் போகவில்லை. தனக்குள் புகுந்த அலையின் இரைச்சலில் சேந்திக்கும் கேட்கவில்லை. நிறுத்து என்று காற்றைக் கெஞ்சினாள். நான் அடிக்கிற காலம் இது, எனக்கு நிற்கத் தெரியாது என்றது காற்று.

அவள் கத்தியது கொம்பையனுக்குக் கேட்டது. தனக்காகத்தான் வழி திறந்து கிடக்கிறது என்று தெரிந்ததும் அவன் எழுந்து கயிற்றை அவிழ்க்கப் போனான். சுழியைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான். போனால் அவன் சுழியைத் தாண்ட மாட்டான் என்பது கரியாளுக்குத் தெரியும். ஒருவேளை தாண்டினால் தங்கை பிழைப்பாள் என்பதும் தெரியும். அந்த ஒரு கணம் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? கயிற்றைத் தன் இடுக்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. ஒனக்காவத்தான் அவ தொறந்து வச்சிருக்கா. நீயும் போயிட்டா அவ நின்னது வீணால்லா போவும்."

கடல் சேந்திக்குள் புகுந்து புகுந்து வெளியேறியது. பக்கச் சுவர்கள் கரைந்தன. மேலே மிஞ்சியது ஒரு வளைவு மட்டும்தான். அடியில் ஆவுடை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வெளியே போ தாயி என்று சேந்தி சொன்னாள். அவள் ஓடி நிலத்தில் கால் வைக்கும் வரைக்கும் அந்த வளைவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அப்புறம் முடியவில்லை.

விடிந்தபோது கரைக்கும் கரியாளுக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொம்பையன் அந்தப் புதுத் தண்ணீர் வழியாகவே வீட்டுக்கு வந்தான். வள்ளம் நிறைய மீன் இருந்தது. ஆவுடை அவனைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சிவப்புக் கற்கள் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் வந்ததற்கு அழுகிறாளா, சேந்தி போனதற்கு அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடல் அந்தக் கற்களை அரைத்து அரைத்து மணலாக்கியது. அதுவரை அந்த ஊரில் மணல் கரையே கிடையாது. இப்போது வள்ளத்தை இழுத்துப் போட இடம் கிடைத்தது, மீன் காயப்போட இடம் கிடைத்தது, பிள்ளைகள் ஓடி விளையாடின. சேந்தி போயும் ஊருக்கு நல்லதுதான் செய்தாள். அவளால் ஓரிடத்தில் இருக்கத்தான் முடியவில்லை. கச்சான் வந்தால் வடக்கே இழுத்துக்கொண்டு போகும். வாடைக் காற்று வந்தால் திரும்பத் தெற்கே கொண்டுவந்து விடும். ஒவ்வொரு வாடையிலும் கரியாள் கேட்பாள், எந்தங்கச்சி வந்துட்டாளா என்று. மணலுக்கு ஏது வாய்? பதில் வராது. கரியாளும் உடைந்து மணலாகியிருந்தால் அவளோடு போயிருக்கலாம். ஆனால் அவள் உடைகிற கல் இல்லை. அதோடு, ஊர் சுற்றிவிட்டு வருகிறவளுக்குத் தன் இடம் எதுவென்று தெரிய வேண்டாமா? கொஞ்ச காலம் கேட்டுப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கத்தியது கரையில் யாருக்கும் கேட்கவில்லை, இப்போது பேசவும் ஆள் இல்லை. அவள் பேச்சை விட்டாள். அவளைப் பார்த்து மற்றக் கற்களும் விட்டன.

ஆவுடைக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு நாள் அவள் கரை மணலில் ஒரு கை அள்ளி, கொம்பையனோடு வள்ளத்தில் ஏறிப் போய்க் கரியாளின் தோளில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரந்தான் தாயி. பேசிக்கிட்டு இருங்க."

அடுத்த அலை வந்து மணலை வழித்துக்கொண்டு போனது. மறுநாள் கொம்பையன் தனியாகப் போனபோது அவனும் ஒரு கை மணல் கொண்டுபோனான்.

சேந்தி மணலானது முதல்தான் அந்த ஊர்க் கரை கச்சானில் மெலிந்து வாடையில் அகலுகிறது. கடலுக்குள் ஒரு கறுப்புப் பாறை தனியே நிற்கிறது. அதைத் தாண்டுகிற வள்ளக்காரர்கள் வலையை நனைக்கும் முன்னால் ஒரு கை மணலை அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த அலை வரும் வரைக்கும் அக்காவும் தங்கையும் ஒன்றாக இருக்கிறார்கள்.