பந்தி எழுந்ததும் வாட்போர்

குன்றக்குறிச்சியை ஆண்ட வல்லபராயருக்கு இரண்டு விஷயங்களில் கொள்ளை ஆசை. ஒன்று சாப்பாடு, மற்றொன்று பழங்கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து வரலாற்றுச் சபை என்று ஒன்று வைத்தார். பொங்கல் கழிந்ததும் சபையாருக்கு அரண்மனையில் விருந்து. எல்லோரும் தரையில் இலைபோட்டுச் சாப்பிடுவார்கள். ஒருவர் மட்டும் நின்றுகொண்டு பேசுவார். அந்தப் பந்தியில் கடைசி ஆள் இலையை மூடும்வரை யாரும் எழக்கூடாது. முந்தின வருஷம் ஏப்பம் விட்டபடி பாதியில் எழுந்த கணக்கப்பிள்ளையை ராயர் சபையைவிட்டே நீக்கிவிட்டார்.

இந்த வருஷம் பேச்சு பூவராகனுடையது. உப்பு விற்ற குடும்பத்தில் எழுத்தாணி பிடித்த முதல் பிள்ளை அவன். ராயர் கொடுத்த தலைப்பு, ‘நம் நாட்டில் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை’. பூவராகனுக்குப் பயத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. தப்பாக ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து வைத்திருந்தான்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று, பந்தியில் இருந்த படைத் தளவாய் உக்கிரசேனரின் பாட்டனார் கதை வரும்வரை. ஆற்று மணலில் அவர் மேலூர் வீரனை வெட்டிச் சாய்த்தார் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். பூவராகன் மேலூருக்கும் போயிருந்தான். அங்கேயும் அதே சண்டையைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் செத்தது தளவாயின் பாட்டனார்.

“இரண்டு பேரும் சாகவில்லை என்றுதான் தெரிகிறது, மகாராஜா,” என்றான் பூவராகன் தயங்கி. “ஏனென்றால் மறு வருஷம் பாட்டனார் தம் பெண்ணை அந்த மேலூர் வீரர் மகனுக்குக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தி ஆகியிருக்கிறார்கள். அந்த அம்மாள் இன்றும் மேலூரில் இருக்கிறார். நம் தளவாய்க்கு அத்தை முறை.”

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தளவாய் வாயில் போட்ட வடையை மெல்லாமலே விழுங்கினார்.

“ஏட்டுப்பூச்சியே, சொன்னது பொய் என்று இப்போதே ஒப்புக்கொள். இல்லாவிட்டால் பந்தி எழுந்ததும் முற்றத்தில் என்னோடு வாளெடுத்து நில்,” என்றார்.

சபையில் விட்ட சவாலைத் தடுக்க ராயருக்கும் வழியில்லை. பண்டிகை நாளில் ரத்தம் வேண்டாம், யார் உடம்பு முதலில் தரையில் விழுகிறதோ அவர் தோற்றவர், அவர் தம் பேச்சை வாபஸ் வாங்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார். சண்டை எப்போது தொடக்கம் என்று கேட்டார்.

“பந்தி எழுந்த கணமே,” என்றார் தளவாய்.

பூவராகன் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அந்த அத்தையின் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தவன் அவன். அவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாளையோ அவன் ஓவியத்தில்தான் கிட்டத்தில் பார்த்திருக்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல் தன் இலைமுன் போய் உட்கார்ந்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவன் இலையில் மட்டும் பரிமாறியது பரிமாறியபடி இருந்தது.

எதிரே தளவாய் ஒரு முழங்காலை மெல்லத் தூக்கிக் கீழே வைத்தார். பிறகு அடுத்ததை. முகம் சுளித்தது. வாழ்நாளெல்லாம் குதிரைமேல் இருந்த மனிதர். பூவராகனோ விடிந்தால் பொழுதுபோனால் சம்மணம் போட்டு ஏடு படிக்கிறவன்.

அவனுக்குத் திடீரென்று நல்ல பசி எடுத்தது.

பருப்புச் சோற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்தான். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் அடுக்கினான். முருங்கைக்காயில் ஒரு துண்டையும் விடவில்லை. ரசம் கேட்டான். அது ஆறட்டும் என்று காத்திருந்தான். மந்திரி உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். ராயர் மட்டும் திண்டில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டு, கடைசியாக வந்த அப்பளத்தை நொறுக்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சீக்கிரம் முடியப்பா,” என்றார் தளவாய். குரலில் பழைய உறுமல் இல்லை.

“கடைசிச் சாப்பாடாக இருக்கலாம், ஐயா. கொஞ்சம் ருசித்துச் சாப்பிட விடுங்கள்.”

தளவாய் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். வேறு யார் தொடையோ போல இருந்தது. எழுந்து ஒரு நடை நடக்கலாமென்றால் கணக்கப்பிள்ளையின் கதி நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் முறை மோர் ஊற்றிச் சாப்பிட்டபின் பூவராகன் கையை உதறினான். இலையை மூடினான். சட்டென்று எழுந்து நின்றான்.

தளவாயும் வாளின் பிடியைப் பற்றிக்கொண்டு பாய்ந்து எழுந்தார். எழுந்தது இடுப்புவரைதான். கால்கள் உடன் வரவில்லை. அடியோடு வெட்டிய வாழைபோலச் சாய்ந்து, தம் எச்சில் இலைமேலேயே மல்லாந்து கிடந்தார்.

வாளை உருவவே இல்லை, இது சண்டையே இல்லை என்று படுத்தபடியே வழக்காடினார். பந்தி எழுந்த கணமே தொடக்கம் என்று சொன்னது நீர்தானே என்று ராயர் கேட்டார். தளவாய் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, “மேலூரில் அத்தை இருப்பது வாஸ்தவம்தான்,” என்று முனகினார்.

ராயர் பூவராகனை அருகே அழைத்தார். “உண்மையைச் சொல். ஒருவேளை அவர் கால் மரத்துப்போகாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?”

“நான் இலையை மூடியிருக்கவே மாட்டேன், மகாராஜா. அண்டாவில் இன்னும் பாதிப் பாயசம் இருக்கிறதே.”

ராயர் சிரித்த சிரிப்பில் மந்திரி விழித்துக்கொண்டார். அந்தப் பாதி அண்டாப் பாயசம் அன்றைக்கே பூவராகன் வீட்டுக்குப் போயிற்று. தூக்கிக்கொண்டு போனவர்கள் தளவாயின் ஆட்கள்.