சந்துக்குள் ஒரு வாளி

கோவை சரவணம்பட்டியில் ஓர் அலுவலகம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் வீடியோ கேம்களுக்குக் கணினியில் பொருள்கள் செய்து கொடுக்கிறது. கதாநாயகனை அவர்கள் நாட்டிலேயே செய்துகொள்வார்கள். நாற்காலி, பீப்பாய், வாளி எல்லாம் இங்கே.

குணசீலனுக்கு வாளி வந்தது. இருட்டுச் சந்தில் ஓரமாகக் கிடக்க வேண்டிய துருப்பிடித்த வாளி. அவர் அதற்கு முன் நகைக்கடை விளம்பரங்களில் தங்கத்தை மின்ன வைத்தவர். வயது நாற்பத்தாறு, இந்த வேலைக்குப் புதியவர். குழுத் தலைவி பல்கீஸ் அவரைவிட மிகவும் இளையவர். தொழிலில் அவர்தான் குரு.

வாளி இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் ஒரே குறிப்பு: ‘மிக அழகு. மாற்றவும்.’ மூன்றாவது முறையும் திரும்பினால் சந்து வேலை மொத்தமும் வேறு கம்பெனிக்குப் போய்விடும். வேலை இன்னும் நிரந்தரமாகாத குணசீலனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அழகா இருக்கறது ஒரு குத்தமாங்க மேடம்?" என்று கேட்டார். "கைப்பிடில விரல் பட்டுத் தேஞ்ச இடம்கூடப் பண்ணியிருக்கேன்."

"பார்த்தேண்ணா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாம்னு இருக்குது."

"அப்புறம் என்னங்க?"

பல்கீஸ் தன் கணினியைத் திறந்தார். விளையாட்டில் அந்தச் சந்து வரும் பகுதியை வெளிநாட்டுக் கம்பெனியிடம் கேட்டு வாங்கியிருந்தார். வழக்கமாகக் கொடுக்க மாட்டார்கள். குணசீலனின் வாளியைச் சந்தில் வைத்து, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு பூதம் துரத்தும். சந்து கடைசில கதவு இருக்குது. ஓடுங்க."

குணசீலன் ஓடினார். பாதி வழியில் நின்றார்.

"அட, நம்ம வாளி. வெளிச்சம் எப்படி விழுது பாருங்க."

பூதம் அவரைத் தின்றது.

மறுபடியும் ஓடினார். வாளியைத் தாண்டியதும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தின்றது.

பக்கத்து மேசை ரொசாரியோ எழுந்து வந்தான். "தள்ளுங்கண்ணா, நான் காட்டறேன்" என்றான். இவ்வளவு நல்ல வாளிக்குள் சாவி இல்லாமலா இருக்கும் என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பூதம் அவனையும் தின்றது.

அலுவலகமே சிரித்தது.

"பூதத்துக்கு நல்லா ஆள் பிடிச்சுக் குடுக்கறீங்கண்ணா" என்றான் ரொசாரியோ.

குணசீலனும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. பிறகு உட்கார்ந்து, விளிம்பின் மினுமினுப்பை எடுத்தார். துருவைச் சுவரின் நிறத்துக்கு இறக்கினார். கைப்பிடியில் தேய்ந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இது இருக்கட்டுமாங்க?"

"இருக்கட்டுங்கண்ணா. யாரோ தூக்கின வாளிதானே."

மாலை டீ வந்தபோது பல்கீஸ் புது வாளியைச் சந்தில் வைத்தார். குணசீலன் ஓடினார். பூதத்தின் மூச்சு பிடரி வரை வந்தது. கதவு திறந்தது. கன்ட்ரோலரோடு இரண்டு கையையும் தூக்கினார். ரொசாரியோ விசில் அடித்தான்.

"தப்பிச்சிட்டேங்க மேடம்."

"வாளி எங்கண்ணா கிடந்துச்சு?"

குணசீலன் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார். வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"கவனிக்கலைங்களே."

பல்கீஸ் டீயை ஒரு வாய் குடித்தார்.

"அப்ப அனுப்பிருங்கண்ணா."