தண்ணீருக்குள் பேசியது

கிளீட்டஸின் நாவலை முழுசாகப் படித்து முடித்த கையோடு பங்குக் கோயில் பாதிரியாரான அம்புரோஸ் சாமியார் அவர் வீட்டுக்கு ஓடினார். சாமியாருக்கு வயது அறுபத்திரண்டு. நாற்பத்தொன்றைத் தாண்டாத கிளீட்டஸ் எழுத வருவதற்கு முன் கடல்தொழில் செய்தவர்.

“எனக்கும் எழுதக் கத்துக்குடு. இனிமே நீதான் எனக்கு ஆசான்.”

“ஐயோ சாமி, நீங்க சின்னப்புள்ளையில எனக்கு முதல் அப்பம், புதுநன்மை தந்தவரு.”

“அது கோயில்ல. இது வேற.”

சில மாதங்களில் சாமியார் ஒரு கதையோடு வந்தார். வள்ளம் கவிழ்ந்து தத்தளிக்கும் ஒருவன் கைகூப்பி அழகாக ஜெபிக்கிறான்.

கிளீட்டஸ் படித்தார்.

“சாமி, இவன் கடல்ல கெடக்கானா, பீடத்துல நிக்கானா?”

“கடல்ல கெடக்குறவன் எப்படிப் பேசுவான்?”

“அத நான் சொன்னா நீங்க என் கதையத்தான் எழுதுவிய.”

“அப்ப என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போ.”

மறுநாள் காலை இருவரும் வள்ளத்தில் ஏறினார்கள். சாமியார் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கரையோர அலைகள் வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டன. ஒவ்வொரு தூக்கலுக்கும் சாமியார், “இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று கூவினார்.

அடுத்த அலை பக்கவாட்டில் வந்தது. வள்ளத்தில் சாமியார் இல்லை.

கிளீட்டஸ் குதித்தார். இரண்டு முறை முங்கியும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது முறை சட்டைக் காலர் சிக்கியது. அதைப் பிடித்தே கரைக்கு இழுத்து வந்தார்.

மணலில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினார் சாமியார். பிறகு புரண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை.

“கிளீட்டஸ், நான் இருக்கேன்டா!”

“இருக்கிய சாமி. உள்ள என்ன ஜெபம் சொன்னிய?”

சாமியார் எழுந்து உட்கார்ந்தார்.

“ஜெபமா? முதல்ல உன்னத் திட்டுனேன்.”

“பெறகு?”

“பெறகு... அவரையும்.” சாமியார் வானத்தைக் கைகாட்டினார்.

“என்னன்னு?”

சாமியார் சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார். கிளீட்டஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

“அத எழுதுங்க.”

“பங்குமக்கள் படிப்பாங்களே! உன் நாவல்ல ஒருத்தன் கடவுளோட சண்டை போடுறானே, அதை எழுத உனக்கு எப்படித் துணிச்சல் வந்துச்சு?”

கிளீட்டஸ் சட்டையைப் பிழிந்தார்.

“துணிச்சல் ஒண்ணும் இல்ல சாமி. வள்ளம் கவுந்து அண்ணனும் நானும் ஒரு காலிக் கேனப் பிடிச்சுக்கிட்டு ஒரு ராத்திரி முழுக்கக் கெடந்தோம். விடியும்போது அண்ணன் இல்ல. அன்னைக்கு நான் கடவுளுகிட்டப் பேசுனதத்தான் எழுதுனேன்.”

சாமியார் கடலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அவரு பதில் சொன்னாரா?”

“இல்ல. நான் பேசி முடிக்கட்டும்னு என்னைய உசுரோட விட்டு வச்சிருக்காரு. இன்னும் முடியல.”