காணாமல் போன துளி

"பதினாலு தடவ பாத்துட்டேன் மேடம். பம்புத் தண்ணியில ஈயமே இல்ல. பிறகு பிள்ள ரத்தத்துல எங்கிருந்து வருது?"

கேட்டவர் மிக்கேல். ஐம்பத்திரண்டு வயதில் ஆய்வகத்துக்கு வந்து, தண்ணீரில் உலோகம் அளக்கும் கருவியை இயக்கக் கற்றுக்கொண்டிருப்பவர். கற்றுத் தருகிற ரமீசா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

பிள்ளை என்றது மிக்கேலின் பேத்தியை. நான்கு வயது. ஈயம் வருகிற வழியை அடைத்தால் தேறிவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வழிதான் அகப்படவில்லை.

"மெஷின் சொல்றத நம்புறீங்களா, மிக்கேலண்ணே?"

"நம்பாம? உங்களவிட அதத்தான் நம்புறேன்."

ரமீசா சிரித்துவிட்டார்.

அளவு தெரிந்த ஈயக் கரைசலில் ஒரு துளி எடுத்து, சுத்தமான தண்ணீரில் விட்டார். கருவியில் வைத்தார்.

பத்து.

"சரியாத்தான காட்டுது," என்றார் மிக்கேல்.

"இப்ப உங்க பம்புத் தண்ணியில இதே கரைசல் ஒரு துளி விடுங்க."

மிக்கேல் தன் கையாலேயே விட்டார்.

பூஜ்யம்.

மிக்கேல் கருவியை மறுபடி பார்த்தார். "இப்பத்தான போட்டேன். நான் போட்ட ஈயம் எங்க?"

"தண்ணி கரிக்குமா?"

"எங்க ஊர்ல கரிக்காத பம்பு ஏது?"

"அந்த உப்புதான். மெஷினுக்குள்ள சூடேறும்போதே ஈயத்தையும் கூட்டிக்கிட்டு ஆவியாப் போயிடுது. மெஷின் பாக்குறப்ப மிச்சம் ஒண்ணுமில்ல."

"பதினாலு தடவையுமா?"

ரமீசா உப்பை முன்னதாகவே வெளியேற்றும் மருந்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

மிக்கேல் அதைக் கலந்து, துளி விடாத தண்ணீரையும் துளி விட்ட தண்ணீரையும் அடுத்தடுத்து வைத்தார்.

நாற்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு.

பத்தைத் தாண்டினாலே குடிக்கக் கூடாத தண்ணீர். மிக்கேலுக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே, இத்தனை மாதமாக இல்லாத நிம்மதியும் வந்தது. மகளுக்குப் போன் போட்டார்.

"மெர்லின், பம்புத் தண்ணிய இப்பவே கீழ ஊத்து. வழி அகப்பட்டுட்டு. பாப்பா தேறிருவா."

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். பக்கத்துத் தெருப் பம்புகளிலிருந்து வந்த பதினொரு பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்தில், 'ஈயம் இல்லை'.

முதல் பாட்டிலின் சீட்டைக் கிழித்தார்.

"மேடம், அந்த ஈயக் குப்பிய இங்க குடுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு துளி விட்டுப் பாக்கணும்."