மின்னல் கடையின் பின்கதவு

மழை தவறிப்போன மலையடிவாரத்தில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. கோடை வந்துவிட்டால் அங்கே காய்ந்த புல்லெல்லாம் பஞ்சுபோலத் தீப்பிடிக்கும். அதனால் விலங்குகள் கூடிப் பேசி, உச்சி மரங்களில் கேமராக்களைக் கட்டி வைத்தன. கேமராக்கள் காட்டும் படங்களை ஒரு மடிக்கணினியில் பார்த்துக்கொண்டே இருப்பது முள்ளம்பன்றியின் வேலை. எங்காவது புகை தெரிந்தால் அது பறையை அடிக்கும். உடனே எல்லா விலங்குகளும் ஆற்றங்கரைக்கு ஓடிவிடும்.

முள்ளம்பன்றி வேலையில் கெட்டி. ஆனால் முன்கோபி. சிறு சொல்லுக்குக்கூட முட்கள் சிலிர்த்துக்கொள்ளும்.

ஒரு மாசி மாதம் அந்தப் பழைய மடிக்கணினி ஒரேயடியாக நின்றுபோனது. யானை பொதுக் களஞ்சியத்திலிருந்து தேனும் புளியும் எடுத்து முள்ளம்பன்றியிடம் கொடுத்தது.

"கோடை தொடங்குமுன் வேறொன்று வாங்கி வா. விலை நம் கைக்கு எட்ட வேண்டும். நடுவில் காலை வாரிவிடவும் கூடாது" என்றது.

சந்தையில் மடிக்கணினி விற்கும் கடைகள் மூன்று இருந்தன. 'தோகை' கடையில் மயில் நின்றது. "எங்கள் மடிக்கணினி உன் கையில் இருந்தால் சிங்கமே எழுந்து நின்று பேசும்" என்றது. விலையைக் கேட்ட முள்ளம்பன்றி அப்படியே வெளியே வந்தது. களஞ்சியத்தையே வழித்துக் கொடுத்தாலும் அது கட்டுப்படியாகாது.

'கொம்பு' கடையில் ஓர் எருமை அசைபோட்டபடி உட்கார்ந்திருந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லை. "வா" என்று ஒரு சொல்கூட இல்லை. "என்ன வேலைக்கு?" என்று மட்டும் கேட்டது.

'வாங்க வந்தால் விசாரணையா?' என்று முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லாமல் திரும்பிவிட்டது.

மூன்றாவது கடை 'மின்னல்'. வாசலில் மாவிலைத் தோரணம் ஆடியது. நரி ஓடிவந்தது.

"வாங்க அக்கா, இந்த வெயிலில் நடந்தா வந்தீர்கள்? முதலில் இளநீர் குடியுங்கள். விலையைப் பிறகு பேசலாம்."

முள்ளம்பன்றியின் மனம் குளிர்ந்தது. நரி பளபளவென்று ஒரு மடிக்கணினியைத் திறந்து காட்டியது.

"விலையோ பாதி. வேகமோ இரண்டு மடங்கு. மூன்று வருஷம் வாரண்டி. என் தங்கை கல்யாணத்துக்கே இதைத்தான் சீராகக் கொடுத்தேன், அக்கா."

"கோடையில் நாள் முழுவதும் ஓடுமா?"

"நாளென்ன அக்கா, யுகம் முழுவதும் ஓடும்."

முள்ளம்பன்றி வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் காட்டுக்குத் திரும்பியது.

சித்திரை பிறந்தது. மின்னல் மடிக்கணினி தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒருநாள் உச்சிவெயிலில் திரை அப்படியே இருண்டது. முள்ளம்பன்றி விசையை அழுத்தியது, மூடித் திறந்தது, விசிறிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அதே நேரத்தில் மேற்குச் சரிவில் தீ பிடித்திருந்தது. புகை மூக்கில் ஏறிய பிறகுதான் முள்ளம்பன்றி பறைக்குப் பாய்ந்தது. கால் உள்ளவை ஓடின, சிறகு உள்ளவை பறந்தன. புல்லுக்குள் கூடு கட்டியிருந்த கவுதாரியின் முட்டைகளுக்கோ இரண்டும் இல்லை.

மறுநாள் கவுதாரி கருகிய புல்லின் நடுவே நின்றிருந்தது.

"நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்றுதான் முட்டைகளை அங்கே இட்டேன்" என்றது. பிறகு அலகால் சாம்பலைக் கிளறியது.

முள்ளம்பன்றி மடிக்கணினியை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்கு நடந்தது. வழியெல்லாம் அதன் முட்கள் படியவே இல்லை.

நரி அதை ஏற இறங்கப் பார்த்தது. "யார் நீ? பழுதா? இங்கே நிற்காதே. பின்கதவுக்குப் போ."

பின்கதவு தாழிட்டிருந்தது. முள்ளம்பன்றி தட்டியது. பிறகு இடித்தது. வெகு நேரம் கழித்து, பக்கத்து ஜன்னலில் ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது.

"சூட்டினால் வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது."

"கோடையில் சூடு வராமல் பனியா கொட்டும்? கோடையில் ஓடும் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?"

"சொன்னது நரியார். அவரிடம் கேள்."

"அவர்தான் என்னை இங்கே அனுப்பினார்."

"அப்படியானால் இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுக் குரங்கு ஜன்னலை அடைத்தது.

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நரியின் மூக்கில் ஒரு முள்ளையாவது ஏற்றிவிட வேண்டும் என்று முன்வாசலுக்குப் பாய்ந்து வந்தது. அங்கே ஒரு கீரி இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. "முதலில் இளநீர், பிறகு விலை" என்று நரி குழைந்துகொண்டிருந்தது.

முள்ளம்பன்றி அப்படியே நின்றுவிட்டது.

'முன்கதவில் இளநீர், பின்கதவில் தாழ்ப்பாள். நானும் முன்கதவை மட்டும் பார்த்துத்தானே ஏமாந்தேன்? இவனைக் குத்தினால் இவன் மூக்கு வீங்கும். முட்டைகள் திரும்பி வருமா? இனி எந்தக் கடையானாலும் முதலில் பின்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.'

காட்டுக்குத் திரும்பியதும் அது கடமானிடம் போனது. கடமானிடம் பேட்டரி செத்துப்போன தோகை மடிக்கணினி ஒன்று கிடந்தது. முயலிடம் விசைப்பலகை வேலை செய்யாத கொம்பு மடிக்கணினி இருந்தது. இரண்டையும் இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி சந்தைக்கு வந்தது.

தோகைக் கடையின் பின்கதவு கண்ணாடிக் கதவு. திறந்தும் இருந்தது. ஆனால் மயில் மடிக்கணினியைத் தொடவே இல்லை.

"பேட்டரி மட்டுமா? எங்கள் மடிக்கணினியில் எல்லாம் ஒட்டி வைத்தது. பிரித்தால் அழகு கெட்டுவிடும். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்."

"பழையது?"

"குப்பையில் போடு" என்று மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

கொம்புக் கடையில் பின்கதவே இல்லை. இருந்த ஒரே வாசலில் எருமை உட்கார்ந்திருந்தது. முயலின் மடிக்கணினியை வாங்கிக் குலுக்கிப் பார்த்து உறுமியது.

"இதில் யார் தண்ணீரைக் கொட்டியது?"

"முயலின் குட்டிகள்."

"குட்டிகளை அடக்கத் தெரியாதவருக்கு எதற்கு மடிக்கணினி?"

முள்ளம்பன்றியின் முட்கள் குத்திட்டு நின்றன. "உன் வேலை எதுவோ அதைப் பார்."

"அதைத்தான் பார்க்கிறேன். ஓரமாக உட்கார்."

எருமை திருப்புளியை எடுத்தது. முணுமுணுத்துக்கொண்டே கழற்றியது, துடைத்தது, உள்ளே போய் ஒரு விசைப்பலகையைக் கொண்டுவந்து பொருத்தியது. பொழுது சாய்வதற்குள் மடிக்கணினி உயிர்பெற்றுவிட்டது. கூலியும் கொஞ்சம் புளிதான்.

"இது முயல் தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. இதற்கு இன்னுமா பாகம் வைத்திருக்கிறாய்?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"விற்றவன் வைக்காமல் வேறு யார் வைப்பார்?" என்று எரிந்து விழுந்தது எருமை.

முள்ளம்பன்றிக்குக் கோபம் வரவில்லை. "எனக்கு ஒன்று வேண்டும்" என்றது.

"என்ன வேலைக்கு?"

இந்தத் தடவை முள்ளம்பன்றி எல்லாவற்றையும் சொன்னது. கேமராக்களைப் பற்றியும், கோடையைப் பற்றியும், கவுதாரியைப் பற்றியும் சொன்னது. எருமை கேட்டு முடித்து, மேல்தட்டில் இருந்ததை விட்டுவிட்டு நடுத்தட்டில் இருந்ததை எடுத்துத் துடைத்தது.

"படம் பார்க்க இது போதும். மேலே இருப்பது உனக்கு வீண் செலவு. நிழலில் வைத்து ஓட்டு. தூசி சேர்ந்தால் கொண்டு வா."

விலை மின்னலைவிடக் கொஞ்சம் கூடுதல். தோகையைவிட வெகு குறைவு. களஞ்சியத்தில் மறுபடி கைநீட்ட முள்ளம்பன்றிக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்துக்கென்று தான் தோண்டிச் சேர்த்த கிழங்குகளைக் கொடுத்து வாங்கியது.

வைகாசியில் கிழக்குச் சரிவில் மீண்டும் புகை எழுந்தது. திரையில் அது நூலாகத் தெரியும்போதே பறை முழங்கியது. காடே ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சில நாள் கழித்து நரி வண்டி கட்டிக்கொண்டு காட்டுக்கே வந்தது. வண்டியில் புதிய மின்னல்கள் அடுக்கியிருந்தன. விலங்குகள் சுற்றிலும் கூடின.

"அண்ணன்மாரே, அக்காமாரே, இந்த வருஷத்துத் திரையைப் பாருங்கள். பௌர்ணமியே தோற்றுப்போகும்."

முள்ளம்பன்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. "பழுதானால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?"

"திரை மட்டுமா, எடையைப் பாருங்கள். இலை மாதிரி."

"எந்தக் கதவை?"

"வாரண்டி இருக்கிறது அக்கா, கோபம் எதற்கு?"

"வாரண்டி அன்றைக்கும் இருந்தது. கதவுதான் திறக்கவில்லை" என்றது முள்ளம்பன்றி. "முட்டைகளைப் பறிகொடுத்த இவளுக்குப் பதில் சொல்."

கவுதாரி வண்டியின் நுகத்தடியில் வந்து உட்கார்ந்தது. நரியின் முகத்தையே பார்த்தது. நரி குனிந்து ஒரு மடிக்கணினியைத் துடைக்கத் தொடங்கியது. பிறகு யானை திரும்பி நடந்தது. அதன் பின்னால் கடமான் போனது. ஒவ்வொன்றாக எல்லா விலங்குகளும் போய்விட்டன. நரி தன் மின்னல்களைத் தானே கட்டி ஏற்றிக்கொண்டு போனது.

நீதி: விற்கும்போது பேசும் இனிய சொல்லை நம்பி வாங்காதே; பழுதானபோது திறக்கும் கதவைப் பார்த்து வாங்கு.