ராஜாளியைத் தரையிறக்கிய வல்லூறு

முன்னொரு காலத்தில், மன்னருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் ஊருக்கே தூக்கம் போய்விடும் என்னும்படி ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மானவீர பூபதி. நல்லவர், இரக்கமுள்ளவர். ஆனால் பெரிதாக எதைக் கண்டாலும் வாய் பிளந்து நின்றுவிடுவார்.

கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் ஒரு நாள் அவைக்கு ஒரு ராஜாளியைக் கொண்டுவந்தார். சிறகை விரித்தால் ஓர் ஆளின் உயரத்துக்கும் மேல். மன்னர் அரியணையை விட்டு இறங்கி வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யானைப்படை எல்லா மன்னர்களிடமும் இருக்கிறது. வான்படை எவரிடம் இருக்கிறது?" என்றார்.

அவ்வளவுதான். ஆறு ராஜாளிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் உட்காரச் சந்தனக் கட்டை, சரிகை வைத்த தலைமூடி, இரண்டு காவலர்கள், தினம் ஓர் ஆட்டுக்குட்டி. அந்த விலைக்கு நாட்டிலுள்ள ஏரிகளை எல்லாம் தூர்வாரியிருக்கலாம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மெதுவாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

வான்படைக்குத் தலைவரானவர், பறவை மருத்துவமும் அறிந்த தளவாய் இரணசிங்கர். வேட்டைப் பறவை இனி அரண்மனைக்கு மட்டுமே உரியது, குடிமக்கள் வளர்க்கக் கூடாது என்று அவர் ஓர் ஆணை எழுதிக் கொண்டுவந்தார். மன்னர் முத்திரை வைத்தார். அன்று அவையில் விகடகவி ஏகம்பனும் இருந்தான். ராஜாளியின் மூக்கையும் தளவாயின் மூக்கையும் ஒப்பிட்டு ஒரு வேடிக்கை சொன்னான், அவை சிரித்தது, வீட்டுக்குப் போய்விட்டான். ஆணையில் என்ன எழுதியிருந்தது என்பதை அவன் காதிலேயே வாங்கவில்லை. தளவாய் மட்டும் அந்த மூக்கு வேடிக்கையை மறக்கவே இல்லை.

மூன்று ஆண்டுகள் போயின. கூதிர்மலையிலிருந்து ஐந்து பேர் முறையிட வந்தார்கள். முன்னால் நின்ற நடுவயதுப் பெண்ணைப் பார்த்ததும் ஏகம்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் பூவாயி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கடுஞ்சுரத்தில் கிடந்த அவனைக் கூத்துக்குழு மலைப்பாதையிலேயே விட்டுவிட்டுப் போனபோது, போர்வையில் போட்டுத் தூக்கிப் போய் நாற்பது நாள் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவள்.

"சாமி, மூணு வருசமா கிளி கூட்டங்கூட்டமா எறங்கித் தினையைப் பூராத் தின்னுபோடுது. முன்னெல்லாம் ஊட்டுக்கு ஒரு வல்லூறு வச்சிருப்போம். அத ஒரு சுத்து பறக்க விட்டாப் போதும், கிளி அந்தப் பக்கமே வராது. அரமனை உத்தரவு வந்துச்சு, எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டோம். இந்த வெள்ளாமையும் போச்சுன்னா மலைய விட்டு எறங்க வேண்டியதுதான்" என்றாள் பூவாயி.

ஏகம்பனுக்குச் சுருக்கென்றது. அந்த ஆணை வாசிக்கப்பட்டபோதுதானே அவன் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்!

"கவலை வேண்டாம் தாயே. நம் வான்படை எதற்கு இருக்கிறது? இரணசிங்கரே, இரண்டு ராஜாளிகளை அனுப்பும்!" என்றார் மன்னர்.

போனவை ஒரே வாரத்தில் திரும்பிவிட்டன. கிளிகள் கதிருக்குள் புகுந்து புகுந்து பறந்ததில் ராஜாளிகளுக்கு உடலைத் திருப்பக்கூட இடம் போதவில்லை. ஒன்று ஊராரின் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. மற்றொன்றுக்கு முள்ளில் சிக்கி இரண்டு இறகுகள் முறிந்தன. உடனே தளவாய் படையைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னர் பெருமானே, இத்தனை அரிய பறவையைக் கிளிகளுக்காக இழக்கலாகாது. இன்னும் பெரிய ராஜாளிகள் பத்து வாங்கினால் எல்லாம் சரியாகும்" என்றார்.

ஏகம்பன் எழுந்தான். "மன்னா, ஒரு ராஜாளியின் விலைக்கு மலை முழுவதற்கும் வல்லூறுகள் கிடைக்கும். மலைமக்களுக்கே அவற்றைப் பழக்கத் தெரியும். ஆணையை மாற்றி, அரண்மனைச் செலவில் அவர்களையே பிடித்துப் பழக்கச் சொல்லுங்கள்."

"வல்லூறா! புறா அளவுப் பறவை! நாளை எதிரி மன்னன் ராஜாளியோடு வந்தால் அது ஒரு நொடி தாங்குமா?" தளவாய் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெருமானே, விகடகவிக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் சோதித்துப் பார்க்கலாமே. அவருடைய வல்லூறு நம் ராஜாளியை வானிலிருந்து தரைக்கு இறக்கட்டும். தவறினால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

வேடிக்கை என்றால் மன்னருக்குக் கேட்க வேண்டுமா? "நன்று! பதினைந்து நாள் அவகாசம். ராஜாளியை எவரும் தொடக் கூடாது. கல், கவண், வலை எதுவும் கூடாது. ஏகம்பா, சம்மதமா?"

"தரைக்கு இறக்கினால் போதுமா, மன்னா?"

"போதும்."

"எப்படி இறக்கினாலும் சரியா, தளவாய் அவர்களே?"

"எப்படி இறக்கினாலும் சரி!" என்று தளவாய் தொடையைத் தட்டினார்.

ஏகம்பன் பூவாயியோடு மலைக்குப் போனான். அவள் கண்ணி வைத்து ஒரு வல்லூறைப் பிடித்தாள். கையில் வைத்துக்கொண்டே நடந்தாள், சமைத்தாள், களையெடுத்தாள். எட்டாம் நாள் அது அவள் சீழ்க்கை கேட்டுக் கைக்குத் திரும்பியது. அதன் மஞ்சள் கண்களைப் பார்த்தபடி ஏகம்பன் கேட்டான்.

"அக்கா, பந்தயத்துல இது செத்துப்போனா என்ன பண்றது? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற தேசம் பாத்துப் போயிடுறேன்."

"ராசா முன்னாடி எங்களுக்காவ வாயத் தொறந்தீங்களே, அது போதும் சாமி. மத்தத நான் பாத்துக்கறேன்."

"சாமி எல்லாம் எதுக்குக்கா? உங்க வீட்ல நாப்பது நாள் படுத்துக் கெடந்தவன் நான். சரி, ஒண்ணு சொல்லுங்க. காட்டுல இந்த ராஜாளி எப்படித்தான் வயித்த நெரப்புது?"

பூவாயி சிரித்துவிட்டாள். "அந்தப் பெருசா? பாதி நாளு அதுக்கு வேட்டையாட ஒடம்பு வணங்காது! சின்னப் பறவை எதையாச்சும் புடிச்சா, மேல வுழுந்து பறிச்சுத் தின்னுபோடும்."

ஏகம்பன் வல்லூறையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான்.

பந்தய நாள் காலையில் அரண்மனை மைதானத்தில் எள் போட இடமில்லை. ராஜாளிக்கு வெறி ஏற வேண்டும் என்று தளவாய் இரண்டு நாளாக அதற்கு இரை போடவில்லை. தலைமூடியை எடுத்ததும் அது மேலே மேலே ஏறிப் புள்ளியாகி வட்டமிட்டது. கீழே பூவாயி, முழங்கை அளவுகூட இல்லாத தன் பறவையோடு நின்றாள். சிலர் பாவம் என்றார்கள்.

பூவாயி ஒரு கூடையைத் திறந்தாள். காடை ஒன்று விர்ரென்று எழுந்தது. அவள் கையை வீசினாள். வல்லூறு பாய்ந்தது தெரியவில்லை, பிடித்ததுதான் தெரிந்தது. காடையோடு அது புல்லில் இறங்கியதும், மேலே இருந்த புள்ளி பெரிதாகத் தொடங்கியது. ராஜாளி கல்லைப் போல விழுந்துகொண்டிருந்தது.

பூவாயி சீழ்க்கை அடித்தாள். வல்லூறு ஒரு கணம் தயங்கியது, காடையை விட்டது, எழுந்தது. அதன் வாலை உரசிக்கொண்டு ராஜாளி தரையில் இறங்கியது. வல்லூறு பூவாயியின் கையில் வந்து உட்கார்ந்தபோது, ராஜாளி புல்லில் நின்று காடையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

ஏகம்பன் கைகூப்பினான். "மன்னா, ராஜாளி தரையில் இருக்கிறது."

"மோசடி! சண்டையே நடக்கவில்லையே!" என்று தளவாய் குதித்தார்.

"மன்னர் சண்டையிடச் சொல்லவில்லை, இறக்கச் சொன்னார். எப்படி இறக்கினாலும் சரி என்றவர் தாங்கள்."

தளவாய் ஊதுகுழலை ஊதினார். ராஜாளி முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு தின்றது. அவர் பட்டு அங்கவஸ்திரத்தை ஆட்டிக்கொண்டு ஓடினார். அது காடையைக் காலில் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு தத்திப் போய், மறுபடி தின்றது. மன்னர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் ஏகம்பன் விளையாட்டை விட்டுப் பேசினான். "மன்னா, தளவாய் சொன்னதிலும் உண்மை உண்டு. எதிரி ராஜாளியோடு வந்தால் வல்லூறு நிற்காது. அந்த நாளுக்கு இந்த ஆறும் எல்லைக் கோட்டையில் இருக்கட்டும். ஆனால் எதிரி இன்னும் வரவில்லை, கிளி தினமும் வருகிறது. தினமும் வருகிற பகைக்கு, தினமும் அனுப்ப நமக்கு மனம் வருகிற பறவை அல்லவா வேண்டும்? இறகு முறியுமே என்று பயந்து பூட்டி வைக்கிற படை யாருக்கு உதவும்?"

மன்னர் வல்லூறை நெடுநேரம் பார்த்தார். முதல் தடவையாக ஒரு சிறிய உயிரை அவர் அப்படிப் பார்த்தார். பழைய ஆணையை அங்கேயே கிழித்தார். வீட்டுக்கு ஒரு வல்லூறு என்று அரண்மனைச் செலவில் பிடிக்கவும், பழக்குவோருக்குப் பூவாயி தலைமை ஏற்கவும் உத்தரவிட்டார். பிறகு முகம் கடுத்துத் தளவாயின் பக்கம் திரும்பினார்.

ஏகம்பன் முந்திக்கொண்டான். "அவரை விட்டுவிடுங்கள், மன்னா. பறவை நோய்க்கு மருந்து தெரிந்தவர் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான். மலைக்கு அவர் தேவைப்படுவார்."

தளவாய் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏகம்பனைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

அறுவடைக்கு மன்னரே மலைக்குப் போனார். சரிவு முழுவதும் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. ஒரு வல்லூறு எழுந்ததும், பச்சைப் பசேலென்று இறங்க வந்த கிளிக்கூட்டம் அப்படியே திரும்பிக் காட்டுப் பக்கம் போனது. பெண்கள் குலவையிட்டார்கள். இறகுக்குக் கட்டுப் போட்ட ஒரு பறவையை மடியில் வைத்துக்கொண்டு தளவாய் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"ஏகம்பா, இந்த நேரத்துக்கு ஏற்றதாக ஏதாவது சொல்" என்றார் மன்னர்.

ஏகம்பன் வாயைத் திறந்தான். பூவாயி அரிவாளோடு தினைக்கொல்லையில் இறங்குவது தெரிந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அந்தக் கொல்லையைப் பார்த்துக் கைகூப்பி நின்றான்.

மன்னர் உரக்கச் சிரித்தார். "பத்து வருடமாக என்னால் அடக்க முடியாத வாயை இந்த மலை அடக்கிவிட்டதே!" என்று தம் தோளிலிருந்த பொற்சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். போர்த்தி முடிப்பதற்குள் அவர் கண்களும் கலங்கிவிட்டன. அன்று அந்த மலையில் மன்னர், விகடகவி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் கதிர் சுமந்தார்கள்.