ஒரு கட்டு அப்பளம்

“இந்தக் கிட்டார் என்னை மதிக்கவே மாட்டேங்குது மிஸ்,” என்றார் மரியசூசை.

நோரீன் மிஸ்ஸுக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. மரியசூசைக்குத் தலை முழுக்க வெள்ளை. திருச்சியில் எந்த மெல்லிசைக் கச்சேரியிலும் கிட்டார் யார் என்று கேட்கவே வேண்டாம், அவர்தான். அப்பேர்ப்பட்டவர் பொன்மலை ரயில்வே காலனியில், மகள் வயதுக்காரியின் முன்னால் மாணவராக உட்கார்ந்திருந்தார்.

கிட்டார் அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பு, மேலே சல்லடை மாதிரி ஒரு மூடி. இதில் விரலால் தந்தியை அமுக்கும் வேலை கிடையாது. எஃகுக் கட்டை ஒன்றை இடது கையில் பிடித்துத் தந்திமேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையில், பாடகர் இல்லாதபோது பாடுகிற வேலையும் இதற்குத்தான்.

நோரீன் வாசித்தால் பாடியது. மரியசூசை வாசித்தால் கடகடத்தது.

“ஞாயித்துக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால்ல வாசிக்கணும். எங்க குரூப் ஆளுங்க அத்தனை பேரும் வர்றாங்க.”

“வாசிங்க அங்கிள்.”

“அதான் எப்படின்னு கேக்குறேன்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பொரித்த அப்பளம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“கட்டையை இது மேல வச்சு, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுங்க.”

இழுத்தார். நொறுங்கியது.

“உடைஞ்சதைச் சாப்பிட்டுட்டு நாளைக்கு வாங்க.”

மறுநாளும் நொறுங்கியது. அதற்கடுத்த நாளும் அதே கதை. எண்ணெய்ப் பண்டம் ஆகாத உடம்பு அவருக்கு. ஆனாலும் குரு சொல்லைத் தட்டாமல் தின்று வைத்தார்.

“ஏன் இவ்வளவு அழுத்துறீங்க?” என்று கேட்டாள் நோரீன்.

“பழைய கிட்டார் பழக்கம் மிஸ். கை மறக்க மாட்டேங்குது.”

அது பாதி உண்மைதான். காலையில் சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாள் என்பது மீதிப் பாதி. இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. குரூப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் இந்தக் கிட்டாருக்கே வந்தார். வந்த இடத்திலும் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

சனிக்கிழமை மேஜையில் அப்பளம் காத்திருந்தது. மரியசூசை கட்டையை எடுத்தார். விரல் பிடி கொடுக்கவில்லை. கட்டை நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

நோரீன் குனிந்து அதை எடுத்தாள்.

“கை எப்போலேருந்து இப்படி இருக்கு?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்கு அலுத்துவிட்டது.

“ரெண்டு வருஷமா. இந்தக் கையால இனிமே எதையும் அழுத்த முடியாது மிஸ். அவ்வளவுதான், என் கச்சேரி முடிஞ்சுது.”

கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லை.

அவள் கிட்டாரை அவர் மடியில் கிடத்தினாள். கட்டையைத் தந்திமேல் வைத்து, அதன்மேல் அவர் கையை எடுத்து வைத்தாள்.

“வாசிங்க.”

இறுக்கிப் பிடிக்க வழியில்லை. கட்டை தன் கனத்திலேயே தந்திமேல் படுத்திருந்தது. கை அதன் கூடவே போயிற்று, அவ்வளவுதான். வலது கையால் தந்தியை மீட்டினார்.

ஒரு குரல் எழுந்தது. நீண்டது, மெல்ல வளைந்து மேலே ஏறியது, கூம்புக்குள் போய்ப் பெரிதாகித் திரும்பி வந்தது. கடகடப்பு இல்லை.

மரியசூசை தன் கையையே பார்த்தார்.

நோரீன் மேஜையிலிருந்த முழு அப்பளத்தை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

“கை விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தா எனக்கு ஒரு கட்டு அப்பளம் மிஞ்சியிருக்கும் அங்கிள்.”